மூன்று பேர் பெயரில் ஒரு வீடு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது மூன்று பெண்கள் கூட்டுச் சேர்ந்து ஒட்டுசுட்டானில் ஒரு வீடு வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் என் அம்மா. மற்ற இருவரும் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. ஊரில் அதைப் பற்றிக் கதைக்காத ஆளில்லை. கடையடியில், கோயில் வீதியில், பஸ்ஸுக்குள் எல்லாம் அதே கதை. எனக்கு மட்டும் அதில் ஒரு புதினமும் தெரியவில்லை. வீடென்றால் அதற்குள் ஆட்கள் இருப்பார்கள் என்பதற்கு மேல் நான் எதுவும் அறிந்திருக்கவில்லை.

அப்பா குளத்து வேலைக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். காய்ச்சல் கண்டு ஒரு கிழமைக்குள் அவர் போய்விட்டார். அதோடு நாங்கள் இருந்த குவாட்டர்ஸையும் விட வேண்டியதாயிற்று. அப்பாவின் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர். மாரி முடியுமட்டும் இருங்கள் என்றுதான் சொன்னார். அம்மாதான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போய் யாரோ ஒருவருடைய வீட்டின் பின்னறையில் காலம் தள்ள அம்மாவுக்கு மனமில்லை. ஒரு தையல் மெசின் இருந்தது. தைக்கக் கொடுக்க ஊரில் ஆட்களும் இருந்தார்கள். இருப்பதற்கு ஓர் இடந்தான் இல்லை.

இரண்டாமவர் ரீச்சர். என் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். நாயாற்றுப் பக்கத்துக் கடற்கரைக்காரர், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். யாரோ வீட்டு விறாந்தையோரத்து அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, இரவு எட்டு மணிக்குமேல் விளக்கு எரிக்கக்கூடாது என்ற அந்த வீட்டுக்காரரின் சட்டத்துக்கு அடங்கி நடந்தவர். மூன்றாமவரை ஊரே மிசியம்மா என்று கூப்பிட்டது. அவர் அரசாங்க மருத்துவிச்சி. வடமராட்சியிலிருந்து மாற்றலாகி வந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய ஓர் அறையில் பாதியைத் தனக்கென்று பிடித்து வைத்திருந்தார். நாற்பது வயதுக்கு மேலாகியும் கல்யாணம் கட்டவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னிலும் இளைய பிள்ளைகளில் அநேகம் பேர் அவருடைய கையில் பிறந்தவர்கள்தான்.

யோசனை ரீச்சருடையது. ஓவசியர் ஒருவர் தனக்கென்று கட்டத் தொடங்கி, தூர இடத்துக்கு மாற்றம் வந்ததால் கூரை போடாமல் விட்ட கல்வீடு ஒன்று காட்டோரமாகக் கிடந்தது. மூன்று அறை, நடுவில் ஒரு பெரிய கூடம், பின்னால் குசினி, நல்ல தண்ணீர்க் கிணறு. ஆளுக்கோர் அறை, மற்றதெல்லாம் பொது, வீட்டின் உறுதிப்பத்திரம் மூவர் பெயரிலும். யாராவது ஒருவர் போக விரும்பினால் தன் பங்கை மற்ற இருவருக்குத்தான் கொடுக்க வேண்டும். கல்யாணம் நடந்தால் என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கு, மாப்பிள்ளையும் வந்து முறை வைத்துச் சமைக்கட்டும் என்று ரீச்சர் சொன்னாராம். ஓவசியர் கடிதம் மூலம் சம்மதித்து, உறுதி எழுதுமுன்னமே மாரிக்கு முந்தி குடிபோகச் சொல்லிவிட்டார். மூவருமாகக் கிடுகு வாங்கிக் கூரை வேய்வித்தார்கள். கிடுகு எடுத்துக் கொடுத்தது நான் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

குசினியில் மூன்று அடுப்பு வைக்கலாமா என்று மிசியம்மாதான் முதலில் கேட்டார். கேட்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூண்டு அடுப்பு வைக்கிறதெண்டால் நாங்கள் மூண்டு வீடெல்லோ வாங்கியிருக்கவேணும்" என்றார் அம்மா.

ஆகவே ஓர் அடுப்பு. கிழமைக்கு ஒருவர் சமைப்பது என்று முறை வைத்தார்கள். முதல் சிக்கல் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை ரீச்சர் இறைச்சி தொடமாட்டார். ஆகவே மீன் வேண்டும். வெள்ளிக்கிழமை அம்மா மீன் தொடமாட்டார், குசினிக்குள்ளும் விடமாட்டார். இரண்டு நாள் யோசித்து, அன்றைக்கு மரக்கறி மட்டும் என்று தீர்மானித்தார்கள். இரண்டு சமயமும் அதில் குறை காணவில்லை. நான்தான் கண்டேன்.

இப்படி மூன்று கிழமை நன்றாகப் போனது. நாலாம் கிழமை பெரியப்பா வந்தார்.

அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் பக்கத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வீடு வாங்கப்போகும் செய்தியை அம்மா மரியாதைக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதாமல் பெரியப்பா தானே ரயிலேறி, மாங்குளத்தில் இறங்கி, பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு பை பனங்கிழங்கு ஒடியல், பனங்கட்டிக் குட்டான் இரண்டு, எனக்கு ஒரு சட்டைத்துணி. கெட்ட மனிதர் அல்ல. தம்பியின் மனைவியும் பிள்ளையும் காட்டோரத்தில் அந்நியரோடு இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்கடை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு, பிள்ளை. நாளைக்கு வெளிக்கிடுங்கோ" என்றார்.

அம்மா மறுத்துச் சொல்லவில்லை. முதலில் சாப்பிடுங்கள் என்றார். அன்று பகல் மிசியம்மா வைத்த கத்தரிக்காய்க் குழம்பும் சோறும். பெரியப்பா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, யாருடைய கைப்பக்குவம் என்று கேட்டார். இந்தக் கிழமை மிசியம்மாவின் முறை என்றேன் நான். அவருக்கு மிசியம்மாவோடு கதைக்க விருப்பம் வந்தது. எந்த ஊர் என்றார். வடமராட்சியில் எந்தப் பகுதி என்றார். ஆருடைய மகள் என்றார். கேட்டதற்கெல்லாம் மிசியம்மா கைகட்டாமல், குரல் தாழ்த்தாமல் பதில் சொன்னார். பெரியப்பா எழுந்துபோய்க் கிணற்றடியில் வெகுநேரம் வாய் கொப்பளித்தார்.

இராச்சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டபோது தனக்கு வயிறு சரியில்லை என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். மிசியம்மாவின் குடும்பத்தார் சமைத்ததைப் பெரியப்பாவின் ஆட்கள் உண்பதில்லை என்ற ஒரு வழக்கு உலகத்தில் இருப்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த நாள் நாங்கள் வெளிக்கிடவில்லை. விடியற்புறத்தில் தொடங்கிய மழை விடவேயில்லை. றோட்டில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்வதாகவும் பஸ் வராதென்றும் செய்தி வந்தது. பெரியப்பா விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்திருந்தார். இளநீரும் வாழைப்பழமுந்தான் ஆகாரம். அம்மா ஒரு நாள் மட்டும் முறையை மாற்றித் தானே சமைத்திருக்கலாம். மிசியம்மாவும் அதைத்தான் சொன்னார். குசினி வாசலடியில் நான் ஒடியல் கடித்துக்கொண்டு நின்றதால் அது என் காதில் விழுந்தது.

"வந்த மனிசன் பட்டினி கிடக்குது. நீங்கள் சமையுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்" என்றார் மிசியம்மா.

"நீங்கள் நினைக்கமாட்டியள். நான் நினைப்பன்" என்றார் அம்மா. "இண்டைக்கு மாத்தினால் இது வீடில்லை. மடம்."

அம்மா அப்படிக் கடுமையாகக் கதைத்து நான் கேட்டதில்லை. வயிற்று நோவுக்காரருக்காக ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூடாதா என்று எனக்குப் பெரியப்பாவின்மேல் இரக்கம் வந்தது. பின்னேரம் நானே மிசியம்மாவிடம் போய் மருந்து கேட்டேன். வருத்தக்காரருக்கு மருந்து கொடுப்பதுதானே அவருடைய வேலை. மிசியம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மல்லியும் வேர்க்கொம்பும் அவித்து ஒரு கோப்பையில் ஊற்றித் தந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஆர் போட்டது?" என்றார் பெரியப்பா.

"மிசியம்மா. வயித்துக்கு நல்லதாம்."

"அங்கை வை, பிள்ளை."

வைத்தேன். இருட்டும்போது போய்ப் பார்த்தேன். அப்படியே இருந்தது. மருந்து குடிக்கப் பயப்படுகிற பெரிய மனிதர் ஒருவரை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒருவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். காட்டுக்கு அப்பால் வயல் செய்யும் குடும்பம். அவனுடைய பெண்சாதிக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிள்ளை. வண்டில் போகாது, இடையில் இடுப்பளவு தண்ணீர். மிசியம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன்னுடைய தோல் பெட்டியை எடுத்து எண்ணெய்ச்சீலையால் சுற்றினார். ரீச்சரும் கூடப் போக வெளிக்கிட்டார். ஆனால் அவருக்கு முதல்நாளிலிருந்து காய்ச்சல். நிற்கவே முடியவில்லை.

வந்தவன் மிசியம்மாவைப் பிடித்துக்கொண்டு போகலாம். பெட்டியை நனையாமல் கொண்டுவர இன்னொருவர் வேண்டும். அந்த வீட்டில் ஆண் என்றிருந்தது பெரியப்பா ஒருவர்தான். யாரும் அவரிடம் கேட்கவில்லை. எல்லோரும் கேட்காமல் நின்றார்கள். பெரியப்பா மழையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையைத் தலையில் சும்மாடாகச் சுற்றி, பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"நடவுங்கோ. நான் பின்னாலை வாறன்" என்றார்.

அவர்கள் போவதை நாங்கள் விறாந்தையில் நின்று பார்த்தோம். தண்ணீரில் இறங்கும்போது பெரியப்பா ஒரு கையால் பெட்டியையும் மறுகையால் ஒரு தடியையும் பிடித்திருந்தார். ஊரில் அவருடைய குடையை வேறொருவர்தான் தூக்கிக்கொண்டு போவார்.

அன்று அவர்கள் வரவில்லை. அம்மா சாமிப்படத்தடியிலும் ரீச்சர் தன் கட்டிலிலிருந்தும் வேண்டிக்கொண்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் மழை விட்டிருந்த நேரத்தில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். முழங்கால்வரை சேறு. மிசியம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. ஆம்பிளைப் பிள்ளை, கால் முன்னுக்கு வந்தது, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லிவிட்டு அவர் கிணற்றடிக்குப் போனார்.

பெரியப்பா கதிரையில் இருந்தார். அவர் வழக்கமாக ஒரு கதையைத் தொடங்கினால் நடுவில் யாரும் புக முடியாது. அன்று துண்டு துண்டாகத்தான் சொன்னார். தான் விடிய விடியச் சுடுதண்ணி வைத்துக் கொடுத்தாராம். பிள்ளை பிறந்து அழவில்லையாம். செத்துப் பிறந்ததென்று எல்லோரும் குழறத் தொடங்கிவிட்டார்களாம். மிசியம்மா மட்டும் விடாமல் அதன் வாயில் தன் வாயை வைத்து ஊதிக்கொண்டேயிருந்தாராம். "ஊதினா, ஊதினா, ஊதிக்கொண்டே இருந்தா" என்றார். பிறகு, "கத்திப்போட்டுது" என்றார்.

பிறகு அம்மாவைப் பார்த்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.

குசினியில் சோறு இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். மிசியம்மா இல்லாதபடியால் காலையில் அம்மாவே பானை நிறையச் சமைத்து, பருப்பும் முருங்கையிலைச் சுண்டலும் வைத்திருந்தார். நானும் சாப்பிட்டிருந்தேன். அம்மா பெரியப்பாவின் முகத்தை நேரே பார்த்துச் சொன்னார்:

"இன்னும் சமைக்கேல்லை, அத்தான். இந்தக் கிழமை மிசியம்மான்ரை முறை."

நான் வாயைத் திறந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்திருந்த ரீச்சர், காய்ச்சல் கையால் என் வாயைப் பொத்தி என்னைத் தன்னோடு இழுத்துக்கொண்டார். பொய் சொல்லக்கூடாது என்று வகுப்பில் படிப்பித்தவர் அவர்தான்.

பெரியப்பா தலை குனிந்திருந்தார். முற்றத்தில் கிடுகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவா குளிச்சு உடுப்பு மாத்தட்டும்" என்றார் கடைசியில். "நான் இருக்கிறன்."

இருந்தார். மிசியம்மா ஈரத்தலையோடு குசினிக்குள் வந்து, புதிதாகச் சோற்றுக்கு உலை வைத்து, சொதிக்கு அடுக்குப் பண்ணியபோது, பெரியப்பா வாசற்படியில் குந்தியிருந்து சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அவருக்கு உரிக்கத் தெரியாது. பாதி வெங்காயம் தோலோடு போனது. அம்மா தேங்காய் துருவினார். காலைச்சோற்றுப் பானை மூலையில் ஒரு சாக்கால் மூடப்பட்டுக் கிடந்தது. பெரியப்பா அதைக் கண்டிருக்கவே வேண்டும். மிசியம்மா சோறு போட்டு, சொதி ஊற்ற, நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். பெரியப்பாவின் வயிறு முற்றாகச் சுகமாகிவிட்டதைக் கண்டு எனக்குச் சந்தோஷம். இவ்வளவு சாப்பிடக்கூடியவர் மூன்று நாளை வீணாக்கிவிட்டாரே என்றும் நினைத்தேன்.

வெள்ளம் வடிய இன்னும் நாலு நாள் எடுத்தது. அதற்குள் அவர் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஒரு துலாவும் குசினிக்கு ஒரு கதவும் செய்து போட்டார். யாழ்ப்பாணத்து அறையைப் பற்றிய பேச்சு திரும்ப வரவில்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் எல்லோருமாக முல்லைத்தீவுக்கு, பத்திரம் எழுதும் நொத்தாரிசு வீட்டுக்குப் போனோம். உறுதி எழுதச் சாட்சி இருவர் வேண்டும். ஒருவர் ரீச்சரின் தகப்பனார். மீன் வாடையோடு கடற்கரையிலிருந்து நேரே வந்திருந்தார். மற்றவர் பெரியப்பா.

நொத்தாரிசு வயதானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மூன்று பெண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். மூன்று ஊர், மூன்று தகப்பன் பெயர், ஒரு காணி. இப்படியொரு உறுதி தான் எழுதியதில்லை என்றார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பி, இவர்கள் ஆளுக்காள் என்ன முறை என்று கேட்டார்.

பெரியப்பா பேனையின் மூடியைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார்.

"ஒரு வீட்டு ஆக்கள்" என்றார்.

மிசியம்மா சீலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடிக்கவில்லை. அம்மா அவருடைய கையைப் பிடித்தார். ரீச்சர் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு வீட்டு ஆட்கள்தானே. எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதியைச் சொல்லப் பெரியப்பாவுக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது, சொன்னதும் பெரியவர்கள் ஏன் அழவேண்டும் என்று யோசித்தபடி, நான் மேசையின்மேல் இருந்த அரக்குக் குச்சியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.