மிக்சரில் நான் உட்கார்ந்த கார்த்திகை

என் வீட்டுக்காரர் திருவண்ணாமலையில் சின்னதாக ஒரு கேபிள் சேனல் நடத்தினார். கார்த்திகை தீபத்தை நேரடியாகக் காட்டுவதுதான் வருஷத்தில் எங்களுக்குப் பெரிய வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஆடி மாசம், செங்கம் ரோட்டில் லாரி மோதி அவர் போய்விட்டார். நாலு மாசத்தில் தீபம் வந்தது.

கொழுந்தன் தயங்கித் தயங்கித்தான் பேச்செடுத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. இந்த வருஷம் நீங்க மிக்சர்ல உக்கார வேணாம். நல்ல நாளு. ஜனங்க ஒரு மாதிரி பேசுவாங்க."

"உனக்கு அத ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் பாதிதான் தெரியும். நீ வயர் இழு, மீதியப் பாத்துக்கலாம்."

அவன் வயர் சுருளை எடுக்கப் போனான்.

பல கேமராக்களிலிருந்து வரும் படங்களில் எதை ஊருக்குக் காட்டுவது என்று பொத்தானை அழுத்தி மாற்றுகிற மெஷின்தான் மிக்சர். தேரடி வீதி லாட்ஜ் ஒன்றின் மாடி அறையில் அதை வைத்தோம். ஒரு கேமரா கோயிலுக்குள் கொடிமரத்தைப் பார்த்து, இன்னொன்று மொட்டை மாடியில் மலை உச்சியைப் பார்த்து. கோயில் வயரை மதில் ஓரமாகக் கட்டிக்கொண்டே வந்தான் கொழுந்தன். சொருகியதும் மானிட்டரில் படம் மேலும் கீழுமாக உருண்டுகொண்டே இருந்தது. வயரின் முனையை வெட்டி, பின்னைப் புதுசாகப் பூட்டினேன். படம் ஆடாமல் நின்றது.

ஆனால் பொத்தான் பலகைக்கு உயிர் வரவில்லை. பலகையும் மிக்சரின் பெட்டியும் திரையில் எழுத்துப் போடுகிற கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வயரில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. வயரை மாற்றினேன், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். மத்தியானம் தாண்டிவிட்டது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து டீ கொடுத்தேனே தவிர, இதை ஏன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

வேலூரில் மெஷின் சர்வீஸ் செய்கிறவருக்குப் போன் போட்டேன். பதறாமல் கேட்டார்.

"புதுசா எதாச்சும் சேத்தீங்களாம்மா?"

"கம்ப்யூட்டர் மட்டும் புதுசுங்க."

"ஒவ்வொண்ணுக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு ஐபி நம்பர் இருக்கும், ரெண்டுக்கு ஒரே நம்பர்னா வேலை செய்யாது. கடைசி எண் எதாச்சும் ரெண்டுக்கு ஒண்ணா இருக்குதானு பாருங்க."

கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரின் எண்ணை மாற்றினேன். பலகையில் வரிசையாக விளக்கு எரிந்தது. கொழுந்தன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் வெளியே ஜனங்களின் இரைச்சல் கண்ணாடி ஜன்னலை அதிர வைத்தது. கோயில் கேமராவைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். அர்த்தநாரீஸ்வரர் கொடிமரத்தண்டை ஆடி வந்தார். சில நிமிஷம்தான் இருப்பார்; அங்கே சுடர் தெரிந்ததும் மலை உச்சியில் தீபம் ஏற்றிவிடுவார்கள். சீக்கிரம் மாற்றினால் அவரை இழப்போம், தாமதித்தால் மலையை இழப்போம். கொடிமரத்தின் முன்னால் சுடர் எழுந்தது, பொத்தானை அழுத்தினேன். உச்சியில் புள்ளியாகத் தெரிந்த தீ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதானது.

"கோயில்ல இருக்கிற ஜனங்களக் காட்டலாமா அண்ணி?" என்றான் கொழுந்தன். என் வீட்டுக்காரர் அப்படித்தான் உடனே மாற்றுவார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

எல்லாம் முடிந்து கீழே வந்தேன். வீதியில் கால் வைக்க இடமில்லை. அண்ணாந்து மலையைப் பார்த்தபோதுதான் தோன்றியது. இந்த ஊரிலேயே பிறந்தவர் அவர். ஆனால் சேனல் ஆரம்பித்ததிலிருந்து, தீபம் ஏற்றுகிற நேரத்தில் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அந்த நேரம் எப்போதும் ஒரு அறைக்குள், மானிட்டர் முன்னால்தான் இருந்தார். ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

சுற்றிலும் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். நானும் நின்றேன். யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை.