கம்பளிப்பூச்சிக் களிம்பு

எனக்குப் பதினேழு வயதில் முகம் முழுக்கப் பரு. சாதாரணப் பரு இல்லை. கோலிக்குண்டு மாதிரி உள்ளுக்குள்ளேயே பழுத்து, தலையணையில் கன்னம் பட்டால் உயிர் போகும். அதைப் பார்த்ததும் எங்கள் ஊர் நாகலூரில் வாயுள்ளவர்களெல்லாம் வைத்தியர்களாகிவிட்டார்கள். சர்ச் வாசலிலேயே என் முகத்தைத் திருப்பித் திருப்பி அமுக்கிப் பார்த்தார்கள். தங்கள் வீட்டுப் பலாப்பழத்தைக்கூட அப்படி அமுக்கியிருக்க மாட்டார்கள்.

இந்த மேதைகளுக்கெல்லாம் தலைவி என் சித்தி. காப்பி பறிக்கும் பெண்களுக்குக் கம்பளிப்பூச்சி பட்டு அரித்தால் எஸ்டேட் மருந்தகத்தில் ஒரு களிம்பு கொடுப்பார்கள். தடவிய மறுநாளே தடிப்பு அமுங்கிவிடும். அதனால் அந்த டியூபுக்கு எங்கள் எஸ்டேட்டில் ஏக மவுசு. சேற்றுப்புண், உதட்டு வெடிப்பு, குழந்தையின் தொடை என்று வீடு வீடாகப் போய் வரும். சித்தி அதைக் கொண்டுவந்து என் முகத்தில் அப்பினாள்.

"ஒரே வாரம் கண்ணு, மொகம் பளிங்காட்டம் ஆயிரும்."

ஆனது. அதுதான் கொடுமை. சிவப்பு வடிந்ததும் என்னை ஊரெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினாள். டியூப் தீர்ந்ததும் முகம் முன்னைவிட மோசமாகக் கிளம்பியது. சித்தி அடுத்த டியூபோடு வந்தாள். நானும் பூசிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

கடைசியில் அப்பா சேலத்துக்குக் கூட்டிப்போனார். தோல் டாக்டரம்மா டியூபைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது அரிப்புக்கும்மா. மூஞ்சில போட்டா மொதல்ல அமுங்கும், பூசப் பூசப் பரு அதிகமாகத்தான் செய்யும்."

மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், உடனே கேட்காது, பரு அடங்கினாலும் குழி போகாது என்று மறைக்காமல் சொன்னார். அப்படியேதான் நடந்தது. இங்கிலீஷ் மாத்திரை தின்றுதான் முகம் குழியாகிவிட்டது என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. சீ, என்ன ஜன்மங்கள்!

பல வருஷம் கழித்து ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் சித்தியைப் பார்த்தேன். கூட அவளுடைய கடைசி மகள். அவள் கன்னத்தில் எனக்கு வந்த அதே கட்டிகள், கையில் அதே களிம்பு டியூப்.

"ஏனுங்க சித்தி, இன்னுமா இத விடல நீங்க?"

"உனக்கு நொம்ப நல்லாக் கேட்டுச்சே கண்ணு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தியின் கையை இழுத்து என் கன்னத்தில் வைத்து அழுத்தினேன்.

"தடவிப் பாருங்க. கேட்ட லட்சணம் இதுதான்."

சித்தியின் விரல் குழியில் நின்றது. வாய் நிற்கவில்லை.

"அது அந்த மாத்திரையால வந்ததுதான கண்ணு?"

மகள் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டியூபை என் கையில் வைத்தாள்.

"அக்கா, சேலம் பஸ் எப்பங்க வரும்?"