கல்வராயன் மலை ஓடையில் ஆண்டவர் காத்த சிஸ்டர்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, எனக்கு மேடையில் பேசி வழக்கமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பழைய படங்களையும் பதிவுகளையும் ஸ்கேன் செய்து கணினியில் சேர்ப்பது என் வேலை. அது ஒரு சின்ன மகளிர் கல்லூரியாக, ஓலைக் கொட்டகையில் தொடங்கியது. அந்த முதல் வருடங்களைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் சிஸ்டர் ரெஜினா ஒருவர்தான். மணலூர்பேட்டைப் பக்கம் பிறந்தவர். ஓய்வுக்குப் பிறகு கல்வராயன் மலையில், பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஆஸ்டலில் இருக்கிறார்.

போன வருடம் ஐப்பசி மழையில், எங்கள் டிரைவர் செல்வம் அண்ணனோடு ஜீப்பில் மலைக்குப் போனேன். சிஸ்டர் ஒரு தகரப் பெட்டி நிறைய படங்கள் வைத்திருந்தார். வேறு எங்கேயும் பிரதி கிடையாது. எல்லாவற்றையும் என் மடிக்கணினியில் ஸ்கேன் செய்து முடித்தேன். அவர் பேச்சைப் பதிவுசெய்யத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்த்தது. உதடு நீலம் பாய்ந்தது.

போனில் சிக்னல் இல்லை. அவரை ஜீப்பின் பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டு மலையிறங்கினோம். பல்கலைக்கழகத்தில் வைக்கச் சொல்லி அவர் தந்திருந்த படங்களையும் கணினியையும் ஒரே பையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். சிஸ்டரின் தலை என் தோளில். அவர் மூச்சு விடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் என் உயிர் போய்ப்போய் வந்தது.

வழியில் தரைப்பாலம். காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர், இப்போது செம்மண் நிறத்தில் பாலத்தையே மூடிக்கொண்டு போனது. ஒரு பெரிய மரக்கிளை உருண்டு வந்து, எங்கள் கண் முன்னால் கீழே இழுபட்டது. செல்வம் அண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஜீப் போகாது.

நான் ஜெபமாலையை எடுத்தேன். சின்ன வயதிலிருந்து சொல்லும் மங்கள வார்த்தை ஜெபம், பாதிக்கு மேல் வரவில்லை. பயத்தில் மறந்துபோனது. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், நம்பிக்கையோடு கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல் கேட்டேன்.

காட்டு வேலை முடிந்து திரும்பிய மலைக்காரர்கள் சிலர், சாக்கைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அண்ணாமலை என்பவர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, வேண்டாம் என்று கூட வந்தவர்கள் தயங்கினார்கள்.

"நம்ம பொண்ணு ராணி படிக்கிற ஆஸ்டல் சிஸ்டருடா. வுட்டுட்டுப் போவ முடியாது," என்றார் அவர். பிறகு என்னிடம், "மேல பாறையாண்ட தண்ணி கம்மிங்க. போர்வைல கட்டித் தூக்கிக்கினு போயிடலாம்."

ஒரு மூங்கிலில் போர்வையைத் தூளி போலக் கட்டி, சிஸ்டரைத் தூக்கினார்கள். செல்வம் அண்ணன் பக்கத்தில் தாங்கிப் பிடித்தார். பையைத் தோளில் மாட்டி, மூங்கிலின் பின் முனையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நடு ஓடையில் கால் வழுக்கியது. பை தண்ணீரில் விழுந்து, வார் என் கழுத்தைச் சுற்றி இழுத்தது. நான் சரிந்தால் முன்னால் போகிறவர்களும் சரிவார்கள்.

"பைய வுடும்மா," என்று அண்ணாமலை கத்தினார்.

விட்டேன். ஒருமுறை மேலே வந்தது. பிறகு காணோம்.

அக்கரையில், தண்ணீர் வடியட்டும் என்று மரவள்ளிக் கிழங்கு ஏற்ற மலைக்கு வந்த ஒரு வேன் நின்றிருந்தது. அதில்தான் கச்சிராயபாளையம் வந்தோம். அங்கே ஆம்புலன்ஸ் கிடைத்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் செத்துப்போன செய்திதான் வருகிறது என்று நினைத்தேன். கடைசியில் டாக்டர் வந்து, பிழைத்துக்கொண்டார் என்றார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். அப்போதுதான் அழுதேன்.

படங்கள் போனதைச் சிஸ்டரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகு, ஒருவழியாகச் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் ஆயுசு முழுக்கக் காப்பாற்றிய படங்கள் அல்லவா.

"போனது போனதுதான்மா. நான் இருக்கேன் இல்ல? கேளு, சொல்றேன்," என்றார்.

தேறிய பின் ஒவ்வொரு படத்தையும் நினைவிலிருந்து சொன்னார். யார் எங்கே நின்றார்கள், யார் அன்றைக்குக் கோபமாக இருந்தார்கள், கொட்டகை ஒழுகிய நாளில் எந்தப் பாடம் நடந்தது என்று. படங்களில் இல்லாததெல்லாம் வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் இன்று அவர் குரலில் பத்திரமாக இருக்கிறது, பல இடங்களில் பிரதியோடு. ஆண்டவருக்கு நன்றி.

பிறகு ஒருநாள் நன்றி சொல்ல மலைக்குப் போனேன். அண்ணாமலையிடம், உங்களுக்கு எப்படி அவ்வளவு தைரியம் வந்தது என்று கேட்டேன்.

"தைரியமா? நானும் பயந்துக்கினுதாங்க தூக்கினேன். எங்க சாமிய வேண்டிக்கினே வந்தேன்," என்றார்.

அன்றிலிருந்து, பயப்படுகிறேனே என்று வெட்கப்பட்டு ஜெபத்தை நிறுத்துவதில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள். வார்த்தை மறந்துபோனாலும் பரவாயில்லை. நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார்.