மருமகனுக்கு ஊதிய மூச்சு

ஜக்கம்மாள் யார் என்று எங்கள் ஊர் சிலமலையில் கேட்டுப் பாருங்கள். "மேல எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்துச்சே, அதுவா?" என்று ஒரு மாதிரி இழுப்பார்கள். அந்த இழுப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலைமேல் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் அவர் கை படாமல் பிறந்த பிள்ளைகள் குறைவு. மலையாளத்து நர்ஸ் ஒருத்தி பழக்கிவிட்ட வேலை. அழாமல் விழும் பிள்ளைக்கு வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சுக் கொடுப்பார்.

அப்படிப்பட்ட மனுஷி, மகளைக் கட்டிய திருப்பதி எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஏழு வருஷத்தில் மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவுகளச் சாப்பிடச் சொல்லு" என்று மகள் பொன்னுமணியிடம்தான் சொல்வார்.

1978 சித்திரையில் லீவு போட்டு மகள் வீட்டுக்கு வந்திருந்தார். அன்று காலை திருப்பதியின் வீட்டை ஒட்டிய தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் சேறும் இலையும் அடைத்திருந்தன. அவன் கூட்டாளியும் மோட்டார் மெக்கானிக்குமான நான் படியில் நின்றேன். திருப்பதி குழாயைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை முங்கி எழுந்தான். நாலாவது தடவை மூச்சை வேக வேகமாக இழுத்து விட்டான். "இந்தத் தடவ எடுத்துருவேன் மாப்ளே" என்று சொல்லிப் போனவன் வரவில்லை.

குமிழியும் நின்றுபோனது. குதித்து, அவன் முடியைப் பிடித்து இழுத்துக் கடைசிப் படிக்குக் கொண்டுவந்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. கன்னத்தில் அறைந்தேன், கண் திறக்கவில்லை. மூச்சும் இல்லை.

என் கூச்சல் கேட்டு அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் கிணற்று மேட்டில் கூடிவிட்டார்கள். "கயித்தக் கொண்டா! வெரசா மேல தூக்கித் தலைகீழாச் சுத்து, குடிச்ச தண்ணி வெளிய வந்துரும்!" ஆளாளுக்குக் கத்தினார்கள். நானும் அந்த மடையர்களில் ஒருவன்தான். அவர்கள் போட்ட கயிற்றை அவன் கக்கத்தில் கட்ட ஆரம்பித்தேன்.

தடதடவென்று படியிறங்கி வந்தார் ஜக்கம்மாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று என் கையைத் தட்டிவிட்டார். "நீங்க தூக்கி முடிக்கிறதுக்குள்ள உசுரு போயிரும்டா! தலையத் தாங்கிப் பிடி!" தாடையை நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, மருமகன் வாயில் வாய் வைத்து ஊதினார்.

அட கடவுளே! கயிறு என் கையிலிருந்து நழுவிவிட்டது. மேட்டிலிருந்து எவனோ ஒருத்தன், "சீ, கருமம்!" என்றான். பொன்னுமணி ஓடிவந்து தாயின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆத்தா, விடு! மானத்த வாங்காத, விடு!"

ஜக்கம்மாள் முழங்கையால் மகளைத் தள்ளிவிட்டு மறுபடி ஊதினார். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. எத்தனை தடவை ஊதினாரோ, எனக்குத் தெரியாது. திருப்பதி விக்கினான், தண்ணீரைக் கக்கினான், இருமினான். அந்த நொடியே ஜக்கம்மாள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜீப்பில் போட்டுப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம் திருப்பதிக்கு நன்றாக நினைவு வந்துவிட்டது. கிணற்றில் நடந்த எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் அவன் கட்டிலருகே நின்று கேட்டார்: "மூச்சே இல்லாமக் கிடந்தவன் எப்படிப் பிழைச்சான்? யாராவது வாயில ஊதினீங்களா? ஊதினவங்களுக்குத்தான் இவன் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கான்."

திருப்பதி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். பொன்னுமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. புருஷனுக்குத் தெரியாமல், கதவோரம் நின்ற தாயைப் பார்த்து, சொல்லிவிடாதே என்பதுபோலக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"யாரும் ஊதல சார்" என்றார் ஜக்கம்மாள். "தானாத்தான் முழிச்சாக."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றேன் நானும்.