பூத்த செடிக்குத் தொட்டி மாற்றினேன்

போன புதன்கிழமை காலையில் ஆர்கிட் செடியைத் தொட்டேன். ஆடியது. விழப்போகும் பல் ஆடுமே... அப்படி.

மேலே பார்த்தால் பதினோரு பூ. வெள்ளையில் ஊதா விளிம்பு. ஒன்றுகூட வாடவில்லை. ஆனால் தொட்டிக்குள்ளிருந்து ஒரு வாடை. துணியை ஊறப்போட்டு இரண்டு நாள் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை.

சட்டென்று கையை எடுத்துவிட்டேன். ஏனென்றால் அது என் செடி இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் நாத்தனார் செல்வியின் செடி. அவள் மகன் முருகன் பட்டாளத்தில் இருக்கிறான், வடகிழக்குப் பக்கம். போன தடவை லீவில் வந்தபோது, ரயிலில் வழியெல்லாம் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தான். மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று செல்வி சென்னைக்குக் கிளம்பியபோது, "ரெண்டு மாசம் பாத்துக்கிடுங்க மதினி" என்று ராஜபாளையத்தில் என் வீட்டில் விட்டுப் போனாள். அவளிடம் இருந்தவரை பூக்காத செடி என்னிடம் வந்து பூத்தது. நான் பெருமைப்பட்டிருப்பேனா, மாட்டேனா?

தினமும் சாயந்திரம் வீடியோ காலில் வந்துவிடுவாள்.

"என் பூவைக் காட்டுங்க மதினி... ஞாயித்துக்கிழமை காலையில ரயிலை விட்டு இறங்கி நேரா உங்க வீட்டுக்குத்தான் வாரேன். ஒத்தப் பூ உதிரக் கூடாது, சொல்லிப்புட்டேன்!"

சரி, செடி ஏன் ஆடியது? இப்போது அசடு வழிய ஒன்று சொல்ல வேண்டும்.

நான் பேண்டேஜ் துணி கம்பெனியில் ரோல் சுற்றும் வேலை பார்ப்பவள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆர்கிட் செடிக்கு மண் கிடையாது. வேர் பாதிக்குமேல் வெளியே தொங்கும். பார்க்கவே பாவமாக இருந்தது. வெயில் வேறு கொளுத்துகிறது. கம்பெனியில் கழித்துப்போட்ட துணி வீட்டில் இருந்தது. என் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு வேருக்கும் பதமாகக் கட்டுப் போட்டு, மீதித் துணியைத் தொட்டிக்குள் அடைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இருபது வருட அனுபவம்... கட்டு ஒன்றுகூட அவிழவில்லை!

புதன்கிழமை நானே அவிழ்த்துப் பார்த்தேன். வேரை அழுத்தினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்புதான் மிச்சம். பன்னிரண்டு வேரில் மூன்று மட்டும் வெள்ளையாக, கெட்டியாக இருந்தன.

பஸ் ஏறி நர்சரிக்குப் போனேன். கூட்டமாக நின்றார்கள். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வராது. எல்லோரும் போகட்டும் என்று நின்றேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் தேவையில்லாமல் ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கினேன். ஒருவழியாக விஷயத்தைச் சொன்னதும் நர்சரிக்காரர் கையை ஆட்டினார்.

"பூ நிக்கும்போது தொட்டி மாத்தக் கூடாதுக்கா. கல்யாணம் நடக்கையில யாராவது வீடு காலி பண்ணுவாகளா?"

"வேரு அழுகிப்போச்சுங்க."

"அழுகிருச்சா? அப்ப கல்யாணமாவது ஒண்ணாவது, இன்னைக்கே மாத்துங்க. பூத்தண்டையும் வெட்டிருங்க. பூவுக்குப் போற தெம்பு வேருக்குப் போகட்டும்."

"நாலு நாள் மட்டும் பொறுத்தா...?"

"பூ நாலு நாள் என்ன, பத்து நாள்கூட நிக்கும்க்கா. செடி நிக்குமான்னு கேளுங்க."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உங்கள் தங்கச்சிதானே, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன் என்றேன்.

"நானா? ஞாயித்துக்கிழமை நான் ஊர்லயே இல்ல, தாயி. பூவைப் பசை போட்டு ஒட்டி வச்சிரு. அவளுக்குக் கண்ணாடி போடாம தெரியாது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அவருக்கென்ன!

கத்தரியை நெருப்பில் காட்டி எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். வெளியே தெரியும் அழகு நாலு நாளைக்குப் போதும், எனக்கு நல்ல பேரும் கிடைக்கும். உள்ளே அழுகுவது யாருக்குத் தெரியப்போகிறது? நம்மில் பாதிப் பேர் இப்படித்தானே காலத்தை ஓட்டுகிறோம்...

வெட்டினேன்.

பதினோரு பூவோடு தண்டு கையில் வந்தது. எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் விட்டு அதில் நிறுத்தினேன். அழுகிய வேர்களைக் கழித்துவிட்டுச் செடியைக் கொஞ்ச நேரம் நிழலில் காய வைத்தேன். பிறகு பக்கமெல்லாம் ஓட்டையுள்ள மண்தொட்டியில் ஓட்டுத்துண்டு, இஸ்திரிக் கடைக் கரி, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் மட்டைத் துண்டுகள் போட்டு, செடி ஆடாமல் குச்சி கட்டி நிறுத்தினேன். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது நர்சரிக்காரர் உத்தரவு.

அன்று சாயந்திரத்திலிருந்து வீடியோ காலில் பூவை மட்டும் காட்டினேன். சொம்பு தெரியாமல் போனைத் தூக்கிப் பிடித்ததில் தோள் வலித்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து இறங்கினாள் செல்வி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எங்க மதினி என் பூவு?"

சொல்ல வேண்டியதை மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வரியைத் தேடுவதற்குள் அவளே சொம்பைப் பார்த்துவிட்டாள்.

"வெட்டிட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"அம்புட்டையுமா?"

மறுபடி தலையாட்டினேன்.

"நல்லவேளை போங்க! நீங்க ஆசையா வளத்த செடியில பூப்பறிக்கட்டுமான்னு எப்படிக் கேக்கன்னு ரயில் பூரா யோசிச்சிக்கிட்டே வந்தேன்!"

சொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி, என்னிடம் கொண்டை ஊசி வாங்கிச் சடையைச் சுற்றிக் குத்திக்கொண்டாள். உடனே மகனுக்குப் போன் போட்டுத் தலையைத் திருப்பிக் காட்டினாள். "ஏலே, பாத்தியா! நீ கொண்டாந்த பூவு!"

போனுக்குள் முருகன் அலறினான். "அம்மா! அது ஆர்கிட்மா! செடியிலயே விட்டிருந்தா ஒரு மாசம் நிக்கும்மா!"

"செடி தலையில ஒரு மாசம் இருக்கதுக்கு என் தலையில ஒரு நாள் இருக்கட்டும்லே. பூவைத் தலையில வைக்காம, பொட்டியில போட்டுப் பூட்டி வைக்கவா?"

"அத்தை, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

அத்தை என்ன சொல்வாள்? பேசாமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். அவள் ஆசைக்குத்தான் வெட்டினேன் என்று ஆகிவிடும். எனக்குச் சும்மா இருப்பதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் வேறு இல்லை.

அதற்குள் செல்வி எழுந்து, "வீட்டுக்குக் கொண்டுபோறதுக்கு முன்ன கொஞ்சம் தண்ணி ஊத்திக்கிடுதேன்" என்று செடிப் பக்கம் அந்தச் சொம்போடு போய்விட்டாள்.

"ஊத்தாத!" என்று கத்திவிட்டேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். கத்திய வேகத்தில் கட்டுப் போட்டது, அழுகியது, மூன்று வேர் மிஞ்சியது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டேன். செல்வி தொட்டியை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தாள். போனுக்குள்ளிருந்துதான் முதலில் சத்தம் வந்தது. முருகன் சிரித்த சிரிப்பில் படம் குலுங்கியது.

"ஆர்கிட்டுக்கு ஃபர்ஸ்ட் எய்டா அத்தை?"

"சிரிக்காதலே" என்றாள் செல்வி. "நான்னா அந்த வேரைச் செம்மண்ணு போட்டு அமுக்கியிருப்பேன். அழுகுனது தெரியாமலே தண்ணி ஊத்தியிருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வேரு பிடிக்கிற மட்டும் இது இங்கதான் இருக்கணும் மதினி. எனக்கு எப்ப என்னன்னு போன்ல சொல்லுங்க. தொட்டியோட காட்டுங்க!"

செடியை விட்டுவிட்டு, பூவோடு பஸ் ஏறினாள். அன்று சாயந்திரம் போனில் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் நாலு பெண்கள் கேட்டுவிட்டார்களாம், இது என்ன பூ, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று.

"நீ என்ன சொன்ன?"

"மிலிட்டரி பூ, கடையில கிடைக்காதுன்னேன்."