என் பிள்ளையின் சேதி சொன்ன ஜீப்பு அண்ணன்

முருகேசண்ணன் போய்விட்டார்.

நேற்றுக் காலையில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்... ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புக்காரர். மலை மெட்டு வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்களுக்கென்று டேஷ்போர்டில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பழத்தை மோந்து பார்த்திருப்பீர்கள்.

கூடப் பிறக்காத அண்ணன் என்று எழுதினால் எல்லாரும் எழுதுவது மாதிரி ஆகிவிடும். நடந்ததை எழுதுகிறேன்.

என் மகன் கார்த்திக்கு அப்போது எட்டு மாதம். வீட்டுக்காரர் இடுப்பில் அடிபட்டுப் படுக்கையில். நான் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனேன். தோட்டம் ரொம்ப உள்ளே, தினமும் வந்து திரும்ப முடியாது. திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமைதான் இறக்கம். அதுவரைக்கும் அங்கேயே கூலியாட்கள் லயத்தில் தங்கல்.

பிள்ளை கீழே நாத்தனார் வீட்டில், அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெரு. "தூக்கியே வச்சிருந்து கைச்சூடு பழக்கிட்ட, இப்பக் கீழ விட்டாக் கத்துறான்" என்று திட்டுவார். நானும் ஏதோ தப்புப் பண்ணியவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன்.

புதன்கிழமை அரிசி லோடு ஏற்றிக்கொண்டு அண்ணன் தோட்டத்துக்கு வருவார். முதல் வாரமே என்னைத் தேடி வந்தார்.

"பிள்ள ஒன்னயத் தேடுது ஆத்தா. கட்டுன சேலை ஒண்ணு கொண்டா. துவைக்காமக் கொண்டா."

எனக்குக் கூச்சம். வேர்வைச் சேலையை எப்படி ஒரு ஆம்பிளை கையில் கொடுப்பது?

"அட, எனக்கா கேக்குறேன்? அம்மா வாசம் இருந்தாத் தூங்கும்ல. வெரசா கொண்டா, கெளம்பணும்."

அந்தச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பிள்ளை தூங்கினானாம். அடுத்த புதனும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதற்கடுத்த புதனும்.

அப்புறம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மருந்தடித்த செடிகளுக்குள் நாள் முழுக்க நின்ற சேலை. புத்தியில்லாமல் அதையே மடித்துக் கொடுத்தனுப்பிவிட்டேன். பிள்ளைக்கு முகமெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. நாத்தனார் சேலையைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பயம். சோப்புப் போட்டு ரெண்டு தரம் அலசிக் கொடுத்தேன். கார்த்தி அதைத் தள்ளிவிட்டானாம்.

"மருந்தடிக்காத அன்னைக்குக் கட்டுனதக் கொண்டா ஆத்தா, ஒண்ணும் ஆகாது" என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். நான் கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்துக் கேட்டேன். "பிள்ள தேடுதா அண்ணே?"

"இப்பத் தேடல ஆத்தா."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா... அப்பாடா, பழகிவிட்டான் என்று. பக்கத்து லயத்துக்காரியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

"இதுக்குப் போயிச் சிரிக்கிறியே" என்றார் அண்ணன். அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. பாவி நான்.

எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டுமே... அண்ணன்தான் வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குத்தியதும் பிள்ளை வீறிட்டான். நான் கையை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, அண்ணன் சட்டைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

"அம்மாடா, அம்மாகிட்டப் போ அப்பு" என்று அண்ணன் கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது.

ஏழு வருடம் கழித்து மலையை விட்டு இறங்கினேன். வீட்டுக்காரரும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். இப்போது செல்போனில் நிறைய வீடியோ வருகிறது. அட்டாச்மென்ட், பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வளருங்கள், அழுதால் உடனே தூக்குங்கள்... எல்லாவற்றையும் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்ய? அவனுடைய பதினாலு வயதில் ஒருநாள் கட்டிப்பிடித்தேன். கொடிக்கம்பம் மாதிரி நின்றான். கோபம்கூட இல்லை.

இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி. எனக்குப் போன் பண்ணினால் "நல்லாருக்கேம்மா, வச்சிர்றேன்". அவ்வளவுதான். மாமாவிடம் மட்டும் தினமும் பேசுவான். அண்ணன் சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு என் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். "சாப்ட்டானாம். சளி பிடிச்சிருக்காம். ரூமு மாத்திட்டானாம்." என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்ததுதான்.

இன்றைக்கு வந்திருந்தான். மாமா காலைக் கட்டிக்கொண்டு அவன் அழுததை ஊரே பார்த்தது. அவன் அழுது நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. தோளில் கை வைத்தேன். நான் கையை எடுக்கும் வரைக்கும் அசையாமல் இருந்தான்.

எடுத்த பிறகு, "வீட்டுக்கு வாப்பா. குளிச்சிட்டு ஒரு வாய் சாப்ட்டுப் போ" என்றேன்.

"அத்தை வீட்லயே குளிச்சிட்டேம்மா. பஸ்சுக்கு நேரமாச்சு." அத்தை என்றது என் நாத்தனாரை.

ரெண்டு மணி பஸ்சுக்குப் போனான். இப்போது எட்டரை. நாலு தரம் போன் அடித்துவிட்டேன், எடுக்கவில்லை.

திருப்பூர் போய்ச் சேர்ந்தானா, சாப்பிட்டானா... யாரிடம் கேட்பது அண்ணே?

போயிட்டு வாங்க.