சாவடியில் பிரித்த சிந்தசைசர்

என் அண்ணன் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்பு ஹோட்டல் ஒன்றின் வாத்தியக் குழு கலைந்தபோது, யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய அனலொக் சிந்தசைசரைக் கேட்டு வாங்கி வந்தார். புதிய கீபோர்டுகளில் பொத்தானைத் தொட்டால் வயலினும் தபேலாவும் வரும். இதில் அப்படி எதுவும் கிடையாது. குமிழ்களைத் திருகித் திருகி ஒவ்வொரு ஒலியையும் மின்சாரத்திலிருந்து நாமே உண்டாக்க வேண்டும்.

கல்யாண வீடுகளில் அது எடுபடவில்லை. சினிமாப் பாட்டு வராத பெட்டி எதற்கு என்றார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பக்கத்துக் காம்பரா அக்கா, "தம்பி, ஒங்க பெட்டிக்கு வயித்து வலியா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்பார். அண்ணனும் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைப்பார். ஆனாலும் தினமும் வாசித்தார்.

பத்து வருடத்துக்கு மேல் கழித்து, அந்தப் பழைய ஒலிக்குத் திடீரென்று மவுசு வந்தது. வெளிநாடுகளில் போலவே கொழும்பிலும் சில இளைஞர்கள், விளம்பரமில்லாமல் ஒரு கட்டடத்தின் நிலவறையில் கூடி அதற்கு ஆடினார்கள். அவர்களில் ஒரு சிங்கள இளைஞர் கேள்விப்பட்டு எங்கள் லயத்துக்கே வந்தார். அண்ணனைக் கொழும்புக்கு அழைத்தார்.

போய்வந்த அண்ணன் இரண்டு நாள் பேசிக்கொண்டேயிருந்தார். "ஒரு பாட்டுகூட கேக்கல தங்கச்சி. நான் குடுத்த சத்தத்துக்கே ஆடுனாங்க."

அடுத்த முறை அவர் கிளம்பியபோது போர்நிறுத்தம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், கையில் வயர்களும் குமிழ்களுமாக ஒரு பெட்டி. இசைக்கருவி என்று அண்ணன் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் வாசித்துக் காட்டு என்றார்களாம். நடுரோட்டில் கரண்டுக்கு எங்கே போவது? பெட்டியைப் பிரித்து வயர்களை வெட்டிப் பார்த்தார்கள். பிறகு அவரைக் காவல் நிலையத்தில் அடைத்தார்கள்.

நானும் கோவில் பாதரும் போனோம். அந்த இளைஞரும் கொழும்பிலிருந்து ஓடி வந்து சாட்சி சொன்னார். அண்ணனை விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. பெட்டியை ஓர் உரச் சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் அவர் சாக்கை அவிழ்க்கவில்லை. ஆர்மோனியத்தையும் விட்டுவிட்டார். நீங்களே சரியாக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆக்கலாம். வாசிச்சுக் காட்டுன்னு சொன்னதுதான் காதுல கேக்குது, தங்கச்சி."

பிறகு அந்த இளைஞர் வந்தபோது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சாக்கோடு கொடுத்துவிட்டார். அவர் அதை மாதக்கணக்கில் உட்கார்ந்து பழுது பார்த்தார்.

யுத்தம் முடிந்த பிறகு ஆசிரியர் பயிற்சிக்காக நான் கொழும்பு போயிருந்தேன். ஒரு மாலை அந்த இளைஞர் என்னை நிலவறைக்கு அழைத்துப் போனார். அண்ணனின் பெட்டியை யாரோ வாசிக்க, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்கள். நிற்க இடமில்லை. என்னால் கேட்க முடியவில்லை. மேலே வந்து, தெருவில் ஒரு மூடிய கடையின் முன்னால் நின்று அழுதேன்.

ஊர் திரும்பியதும் சொன்னேன். அண்ணன் தோட்டத்தில் லீக்ஸ் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். நல்லது என்றார்.

"நீங்களும் ஒரு தடவ வாங்களேண்ணே."

"அந்த ரோட்டுலதானே வரணும்."

சாவடியை எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்றேன். தெரியும் என்றார். அவர் அதன் பிறகு கொழும்புக்குப் போகவேயில்லை.